நூறு தறிக்காரர்களும் ஒரு தாத்தாவும்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். எனக்கு வயது 37, பத்தாவது வரை படித்தேன். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறேன், நாளைக்கு 600, 700 ஆகும். வீட்டுக்காரருக்கு 42 வயது, கைத்தறியில் லுங்கி நெய்கிறார். தினமும் இரண்டு கட்டு பீடி பிடிக்கிறார். அதற்கே 40 ரூபாய் போகிறது. விடச் சொன்னால், “எங்க தாத்தா 86 வயசு வரைக்கும் பீடி பிடிச்சாரு. எங்க அண்ணன் பேங்க் மேனேஜர், தினமும் ஒரு பாக்கெட் சிகரெட்டு, 57 வயசுல வேலூர் கோட்டைக்குள்ள நாலு ரவுண்டு நடக்கறாரு. பணம் இருக்கறவன் எதைப் பிடிச்சாலும் பிழைப்பான். நம்மளக் கொல்றது பீடி இல்ல, வறுமை” என்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நான் சுற்றும் பீடியில்தான் பாதி வீடு ஓடுகிறது, அதனால் பேசவும் கூச்சமாக இருக்கிறது. பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள், மாமியார் மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிறார். ஒரு மாதமாக அவருக்கு இருமல் விடவில்லை, சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுகிறது. வறுமைதான் காரணம் என்றால் நாங்கள் என்னதான் செய்ய முடியும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு முதல் வரி. ஒரு மாத இருமல், சாயங்காலக் காய்ச்சல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலே சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அது காசநோயாக இருக்கலாம், பல வருடப் பீடியால் வந்த மூச்சுக்குழாய்ப் புண்ணாகவும் இருக்கலாம். கடிதத்தைப் படித்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. நாளைக் காலையே அவரை அழைத்துக்கொண்டு குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது. அங்கே ஒரு சின்ன டப்பா தருவார்கள். மறுநாள் விடியற்காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, வெட்டவெளியில் நின்று, மூச்சை நன்றாக இழுத்து அடிநெஞ்சிலிருந்து இருமி வருகிற சளியை அதில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு “டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல” என்று திரும்பி வருவார்கள். அப்படி ஆகிவிடக் கூடாது.

“தறியில ஏத்துன பாவு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பார். நெசவாளர் வீடுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அது. பாவு காத்திருக்கும், சகோதரி. சளியைக் காக்க வைக்க வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் யாரும் அதை ஒப்புக்கொள்ளாமல் பீடியை மட்டும் திட்டுவதால்தான் அவருக்குக் கோபம் வருகிறது என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 1967-ல் தொடங்கி, அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த சுமார் 18,000 ஆண்களைப் பல வருடம் கவனித்தார்கள். அவர்களில் யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை. எல்லோருக்கும் மாதச் சம்பளம், அரசு வைத்தியம். அப்படியிருந்தும் மேலதிகாரிகளோடு ஒப்பிட்டால், பியூன், வாசல் காவலர் போன்ற கடைசிப் படியில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்தது மூன்று மடங்குக்கும் மேல். நடுப்படியில் இருந்தவர்களுக்கு நடுத்தரமான ஆபத்து. ஒவ்வொரு படி இறங்க இறங்க ஆயுளும் இறங்கியது. கீழ்ப்படியில் புகைப்பவர்கள் அதிகம்தான். ஆனால் புகையையும் ரத்த அழுத்தத்தையும் கணக்கில் கழித்த பிறகும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. அந்த ஆராய்ச்சியின் முடிவுகளை அலசி எழுதிய மைக்கேல் மார்மட் அதற்குப் பிறகு தம் காலமெல்லாம் இதைப் பற்றியே எழுதியும் பேசியும் வருகிறார். ஆகவே வறுமை ஆளைக் கொல்லுமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், கொல்லும் என்றுதான் நானும் சொல்வேன்.

இனி மற்றப் பாதி. அதே இங்கிலாந்தில் 1951-ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பேர், புகைக்கும் பழக்கம் பற்றி நாட்டிலுள்ள டாக்டர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டார்கள். பதில் எழுதிய ஆண் டாக்டர்கள் 34,000-க்கும் மேல். அவர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். உங்கள் வீட்டுக்காரரின் வாதத்துக்கு இதைவிட நேரான சோதனை கிடையாது. எல்லோரும் டாக்டர்கள், ஒரே படிப்பு, நல்ல வருமானம், ஆஸ்பத்திரியே அவர்கள் கையில். பணமும் படிப்பும் புகையை ஜெயிக்கும் என்றால் அங்கேதான் ஜெயித்திருக்க வேண்டும். புகைத்துக்கொண்டே இருந்த டாக்டர்கள், புகைக்காத டாக்டர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே இறந்தார்கள்.

அன்று அந்த நாட்டில் டாக்டரும் பிடித்தார், கூலிக்காரரும் பிடித்தார். டால் கூட சிகரெட் பிடித்தவர்தான், தம் ஆராய்ச்சியின் முடிவு கண்ணில் பட்டதும் விட்டுவிட்டார். செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது படித்தவர்களிடம், முதலில் விட்டவர்களும் அவர்களே. கடைசியாகச் செய்தி சேர்ந்த ஏழை வீடுகளில் புகை தங்கிவிட்டது. இது எனக்கு இன்றும் மனதை உறுத்துகிற விஷயம். படிப்பு ஆயுளைக் கூட்டுகிறது என்று டாக்டர்களாகிய நாங்கள் சொல்வதில் ஒரு பகுதி இதுதான்: ஒரு செய்தி உங்கள் வாசலுக்கு எந்த வருடம் வருகிறது, வந்தபோது அதன்படி நடக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பது.

‘அது வெள்ளைக்காரன் கணக்கு’ என்று சொல்லலாம். நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2001 முதல் 2003 வரை நடந்த இறப்புகளை வைத்து, 11 லட்சம் வீடுகளில் விசாரித்து, பிரபாத் ஜா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் 2008-ல் வெளியிட்டது. அதில் இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 61-உம் 41-உம்.

ஒரு பேச்சுக்கு நூறு தறிக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் வயது முப்பது, எல்லோரும் புகைப்பவர்கள். அந்தக் கணக்குப்படி அவர்களில் 61 பேர் எழுபதைத் தொடாமலே போய்விடுவார்கள். மற்ற விஷயங்களில் இவர்களைப் போலவே இருக்கும், ஆனால் புகைக்காத நூறு பேரை எடுத்தால் 41 பேர் போவார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். புகைக்காதவர்களிலேயே 41 பேர். பீடியைத் தொடாத மனிதர்களில் அத்தனை பேர் ஏன் எழுபதுக்கு முன்னே போக வேண்டும்? சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பதே தெரியாமல் போனது, தெரிந்தும் வைத்தியத்துக்குக் காசில்லாதது, நெஞ்சுவலியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தது, சத்தில்லாத சாப்பாடு, காற்று வராத வீடு. உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் வறுமை அந்த 41-க்குள் இருக்கிறது. அது பொய்யில்லை. அதற்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிற 20 பேர் இருக்கிறார்களே, அவர்கள் புகையின் கணக்கு. 41-ஐக் குறைப்பது உங்களாலும் என்னாலும் மட்டும் ஆகிற காரியமில்லை. அரசாங்கம், கூலி, ஆஸ்பத்திரி என்று பெரிய பெரிய கைகள் சேர வேண்டும். அந்த 20 பேரில் ஒருவராகாமல் இருப்பது உங்கள் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கிறது. ‘நாங்கள் என்னதான் செய்ய முடியும்’ என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு என் பதில் இந்த 20.

தாத்தா எங்கே போனார் என்று கேட்பார். தாத்தா இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறார். புகைக்கும் நூறு பேரில் 39 பேர் எழுபதைத் தாண்டுகிறார்களே, அவர்களில் ஒருவர். ஊரில் அவரைத்தான் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் 86 வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரோடு ஒரே கடையில் பீடி வாங்கி ஐம்பதிலும் ஐம்பத்தைந்திலும் போனவர்கள் திண்ணைக்கு வந்து சாட்சி சொல்வதில்லை. உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள், தாத்தாவின் கூட்டாளிகள் எத்தனை பேர், யார் யார் எந்த வயதில் போனார்கள் என்று. பெரியவர்களுக்குப் பெயரும் நினைவிருக்கும், வீடும் நினைவிருக்கும்.

அண்ணனைப் பற்றி. பிரபாத் ஜாவின் அதே ஆராய்ச்சியில் பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 வருடம் இழக்கிறார்கள், சிகரெட் பிடிப்பவர்கள் 10 வருடம். “பார்த்தியா, பீடி நல்லது” என்று யாரும் தாவிவிட வேண்டாம். ஒரு பீடியில் இருக்கும் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் கால் பங்குதான், உங்களுக்குத் தெரியாததா, தினமும் தூள் அள்ளி வைக்கிற கை. அவ்வளவு கொஞ்சத்துக்கே 6 வருடம் போகிறது. இலை அடிக்கடி அணைந்துபோவதால் விடாமல் இழுக்கவும் வேண்டியிருக்கிறது. அண்ணன் 57-ல் கோட்டைக்குள் நடப்பது சந்தோஷம்தான். ஆனால் அவர் நுரையீரலுக்குப் பேங்க் வேலை தெரியாது. ஒருநாள் நெஞ்சு வலித்தால் அவர் காரில் ஏறிப் பத்து நிமிடத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார், இன்சூரன்ஸ் அட்டை பையில் இருக்கும், நீண்ட விடுப்பு எடுத்தாலும் சம்பளம் வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு அதே வலி வந்தால் சோடா குடித்துப் பார்ப்பார், ஓமத் தண்ணீர் குடித்துப் பார்ப்பார், பாவு முடியட்டும் என்பார். புகை இருவருக்கும் ஒரே நோயைத்தான் தருகிறது. அதிலிருந்து மீண்டு வருகிற வழி ஒருவருக்குக் கிட்டத்தில், மற்றவருக்குத் தூரத்தில். பணமில்லாதவன்தான் பீடியை முதலில் விட வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். எல்லாம் ஒன்றுதானே, பீடியாவது இருக்கட்டும் என்று அவர் போடும் கணக்கு தலைகீழ்.

இதில் காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இருமல் என் மனதை விட்டுப் போகவில்லை. நம்மில் நிறையப் பேர் உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. உடம்புக்கு வலு இருக்கும்வரை அது எழுவதில்லை. பீடிப் புகை நுரையீரலின் காவலைக் கெடுக்கிறது, அரை வயிற்றுச் சாப்பாடு உடம்பின் வலுவைக் கெடுக்கிறது, கிருமி எழுந்துகொள்கிறது. சென்னையிலும், பழைய வட ஆற்காட்டின் எல்லையை ஒட்டிய விழுப்புரம் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளில் விசாரித்து 2003-ல் ஒரு முடிவு வந்தது. புகைப்பவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்கு. இறந்தது பீடியாலா வறுமையாலா என்று அந்த வீடுகளில் போய்க் கேட்டால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கும்.

சளியில் கிருமி இருப்பதாக வந்தாலும் பயப்பட வேண்டாம். சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாத மாத்திரை போதும், ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும். சத்தான சாப்பாட்டுக்கு என்று மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நீங்களும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்தில் காய்ச்சல் போய், சாப்பாடு இறங்கி, ஆள் தேறிவிடுவார். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இருபது வருடத்துக்கு முன்பு கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு வீடு. கூலி வேலை செய்யும் மனிதர், பீடிப் பழக்கம், காசநோய். அப்போதெல்லாம் வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை. மூன்றாவது மாதம், “எனக்குத்தான் சரியாப் போச்சே, வயித்தைப் புரட்டுது” என்று நிறுத்தப் பார்த்தார். மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். அந்த வீட்டில் ஏழாவது படிக்கும் ஒரு பெண் இருந்தாள். நான் போனபோது சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. கிழித்த தாள்களை அவள் எறியவில்லை, ஆணியில் குத்தி வைத்திருந்தாள். திங்கள், புதன், வெள்ளித் தாள்களில் மட்டும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு டிக். ஒரு புதன்கிழமைத் தாளில் டிக் இல்லை. “அன்னைக்கு அப்பா துப்பிட்டாரு சார், அட்டையில விட்டா திரும்ப முதல்ல இருந்துன்னு நர்சம்மா சொன்னாங்க, திரும்ப ஆரம்பிக்கணுமா?” என்று கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வேளை தவறியதற்கெல்லாம் முதலிலிருந்து வேண்டாம், இனி விடாதே என்று சொன்னேன். அவர் மருந்தை முடித்தார். அந்த வீட்டு வருமானம் அந்த ஆறு மாதத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை, குறைந்துதான் போயிருந்தது. கூடியிருந்தது அந்த ஏழாம் வகுப்பு மட்டும்தான்.

உங்கள் மகளைப் பற்றி எனக்கு இரண்டு எண்ணமில்லை. படிக்க வையுங்கள். நர்ஸ் சம்பளம் வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 1970-லிருந்து 2009 வரை 175 நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறப்பது வெகுவாகக் குறைந்தது. அந்தக் குறைவில் பாதிக்குப் பெண்கள் கூடுதலாகப் படித்ததே காரணம் என்று 2010-ல் கணக்கிட்டார்கள். நாட்டின் வருமானம் உயர்ந்ததைத் தனியாகக் கழித்துவிட்டுச் சொன்ன கணக்கு அது. படித்த பெண் குழந்தைக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்தால் மாமியார் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. நர்ஸிடம் திருப்பிக் கேள்வி கேட்கிறாள். உங்கள் மாமியாருக்கு மரியாதையோடு சொல்லுங்கள், கல்யாணம் மூன்று நான்கு வருடம் கழித்தும் நடக்கும், இந்த வருடத்துச் சேர்க்கை அடுத்த மாதம் நடக்காது.

பணத்துக்கு வழி இருக்கிறது. நீங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருந்தால், உங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய தொழிலாளர் நல அமைச்சகம் உதவித்தொகை தருகிறது, தொழிற்படிப்பு என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மகளே செய்துவிடுவாள், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் கேளுங்கள். அட்டை இல்லையென்றால் நீங்கள் பீடி போடும் இடத்தில் வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு. அப்புறம் அந்த 40 ரூபாய். வருடத்துக்கு 14,600 ஆகிறது. இந்த எண்ணை நீங்கள் சொல்ல வேண்டாம், மகள் ஒரு தாளில் பெருக்கி அப்பாவிடம் காட்டட்டும்.

பீடி சுற்றுவதால் பேசக் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. முறத்தை மடியில் வைத்து, இலையைத் தகடு வைத்து வெட்டி, நாள் முழுக்கக் கழுத்து ஒடியச் சுற்றி நீங்கள் பிள்ளைகளை வளர்க்கிறீர்கள். வேறு வேலை கிடைக்காத ஊரில் கிடைத்த வேலையைச் செய்வது குற்றமில்லை. அந்தத் தூள் என்ன செய்யும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் வீட்டில் யாருமில்லை, அதனால் பேசுகிற தகுதி உங்களுக்குத்தான் அதிகம். உங்களுக்கும் ஒரு வார்த்தை: படுக்கிற அறையில் வைத்துச் சுற்றாதீர்கள், வாசல் பக்கம் காற்றில் உட்காருங்கள். சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். புகையிலையில் இருக்கும் நிகோட்டின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

அவரிடம் எப்படிப் பேசுவது? சண்டையில் ஆரம்பிக்காதீர்கள். “நீங்க சொன்னது சரிதான், வறுமையும் கொல்லுதாம், டாக்டரே எழுதியிருக்காரு” என்று ஆரம்பியுங்கள். பிறகு 61, 41 கணக்கைச் சொல்லுங்கள். அவர் நெசவாளர், இழை எண்ணிப் பழகிய ஆள், கணக்கு அவருக்குப் புரியும். டால் கணக்கில் நாற்பது வயதையொட்டி விட்டவர்கள், இழக்க இருந்த பத்து வருடத்தில் ஒன்பதைத் திரும்பப் பெற்றார்கள். ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு, அறுபதில் விட்டவர்களுக்கு மூன்று. அவருக்கு 42. இதைவிட நல்ல வயது இனி வராது.

விடுகிற நாளை அவரே குறிக்கட்டும். முதல் ஒரு வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், இருமல் கொஞ்சம் கூடின மாதிரிகூட இருக்கும். பிடிக்கத் தோன்றும் வேகம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்த நிமிடங்களுக்கு வாயில் சோம்போ வறுத்த கடலையோ போட்டுக்கொள்ளலாம். டீயோடு பீடி என்று பழகியவர் என்றால் கொஞ்ச நாளைக்கு டீயை வீட்டிலேயே குடிக்கட்டும், கடைப் பக்கம் வேண்டாம். பீடிக்குப் பதிலாக ஹான்ஸ், மாவா என்று புகையிலை எதையாவது வாயில் அடக்க ஆரம்பித்தால் பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்குவது போலத்தான். இரண்டு கட்டு பிடிப்பவருக்கு மனஉறுதி மட்டும் போதாமல் போகலாம், அது பலவீனமில்லை. நிகோட்டின் சூயிங் கம் உதவும், டாக்டரைக் கேட்டு அளவு தெரிந்துகொள்ளுங்கள். 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். நடுவில் ஒருநாள் தவறிப் பிடித்துவிட்டால் அன்றைக்குத் திட்டாதீர்கள்.

சளி முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். கிருமி இல்லை என்று வந்து, இருமல் நிற்காவிட்டால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், அதோடு விட்டுவிட வேண்டாம். உங்களுக்கு நேரமில்லை என்றால் மகளை எழுதச் சொல்லுங்கள், எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்பதையும் சேர்த்து.